பிந்தி விழுந்த வில்

1988-ஆம் ஆண்டில் ரோஜர் லின் வடிவமைக்க, அகாய் நிறுவனத்தார் வெளியிட்ட எம்.பி.சி. 60 என்னுங் கருவி, ஒலியைப் பதிந்து 16 சதுரக் கட்டைகளில் அடக்கித் தருவது. அதன் வழித்தோன்றலொன்று விடுமுறையில் எம் கைக்கு வந்தது. யாம் அமைத்த தாளத்தின்மீது எம் பாட்டனாரின் பிடிலிசையைப் பதிந்தோம். முதுமையால் அவர் வில் சற்றுப் பிந்தியே விழும். ஆதலின் அவ்விசையைத் துணித்து, கட்டைகளில் இட்டு வாசித்து, காலத்திருத்தத்தை இயக்கினோம். ஒவ்வோரொலியும் தாளத்தோடு பொருந்தி நின்றது. கேட்ட பாட்டனார், "பிழையில்லை, ஆனால் இது நான் வாசித்ததன்றே, தம்பி!" என்றார். யாம் நாணினோம். டெட்ராயிட் நகரத்து ஜே டில்லா (1974–2006) இத்திருத்தத்தைப் பலகால் விலக்கியே புகழ்பெற்றார் என்பது பின்னரே நினைவிற்கு வந்தது. துணித்தவற்றை அழித்து, பாட்டனாரை மீண்டும் வாசிக்கச் செய்து, வாசித்தவாறே பதிந்தோம். அப்பதிவு இன்றும் தாளத்திற்குப் பிந்தியே ஒலிக்கின்றது. கேட்குந்தோறும் அவர் எம்மெதிரே அமர்ந்திருக்கின்றார்.