கறள் மறைக்கும் கறுப்பு

1925ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹென்றி போர்டின் நிறுவனம் தனது ‘மொடல் ரி’ காரின் பின்புறத்தில் ஓர் இரும்புப் பெட்டியைப் பொருத்தி, 281 டொலர் விலையில் விற்பனைக்கு விட்டது. தொழிற்சாலையிலேயே முழுமையாகக் கட்டப்பட்டு வெளிவந்த போர்டின் முதலாவது பிக்கப் அதுதான். அதற்கு முன்னர் விவசாயிகள் காரை வாங்கி, பின்புறத்தைக் கழற்றிவிட்டுத் தாமே பலகையடித்துப் பெட்டி செய்துகொண்டார்கள். நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் பிக்கப்பின் பெறுமதி அதன் எஞ்சினில் மாத்திரமன்றி அந்தப் பெட்டியிலும் இருக்கிறது. அமெரிக்கர்கள் அதனைப் ‘பெட்’, அதாவது படுக்கை, என்கிறார்கள். கனடாவில் பலர் ‘பொக்ஸ்’ என்பார்கள். உழவு இயந்திரத்தின் பின்னால் இழுபடுவதைப் பெட்டி என்றே சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே இக்கட்டுரையிலும் அது பெட்டிதான்.

அந்தப் பெட்டிக்குள் கல் விழும், செங்கல் உரசும், ஈரச் சீமெந்து ஒட்டும். வர்ணம் ஓரிடத்தில் சுரண்டுப்பட்டால் போதும், அங்கிருந்து கறள் தொடங்கிவிடும். இதனைத் தடுப்பதற்காகப் பெட்டியின் உட்புறத்துக்கு இடும் காப்புறையைத்தான் ‘பெட்லைனர்’ என்கிறார்கள். அது பிரதானமாக மூன்று வகை. முதலாவது, பெட்டியின் வடிவத்திலேயே வார்க்கப்பட்ட தடித்த பிளாஸ்ரிக் தொட்டி. தூக்கி உள்ளே வைத்துத் திருகாணியால் பொருத்திவிடலாம். இரண்டாவது, கடைகளில் இயந்திரத்தின் மூலம் சூடாக்கி, உயர் அழுத்தத்தில் விசிறும் பூச்சு. ரைனோ லைனிங்ஸ், லைன்-எக்ஸ் போன்ற பெயர்கள் வட அமெரிக்காவில் இதற்குப் பிரசித்தம். மூன்றாவது, தகரத்தில் வாங்கிவந்து தூரிகையாலும் உருளையாலும் நாமே பூசக்கூடியது. இறப்பர்த் துகள்கள் கலந்த இந்தப் பொலியூறித்தேன் பூச்சு காய்ந்ததும் சொரசொரப்பான கறுப்புத் தோல் போலாகிவிடும்.

2022 செப்டெம்பரில் நான் ஸ்காபரோவில் அக்காவின் வீட்டில் தங்கியிருந்தபோது இந்த மூன்றாவது வகையைப் பற்றி அறிய நேர்ந்தது. அக்காவின் மகன் வீடு திருத்தும் வேலை செய்பவன். குளியலறை உடைப்பது, நிலத்துக்கு ஓடு பதிப்பது, சுவர்ப்பலகை அடிப்பது எல்லாம் அவனது தொழில். அதற்கு முந்திய ஆண்டு அவன் ஒரு 2012 போர்ட் எப்-150 வாகனத்தைத் தனியார் ஒருவரிடம் வாங்கியிருந்தான். 2015ஆம் ஆண்டு மொடலிலிருந்துதான் எப்-150இன் உடலும் பெட்டியும் அலுமினியமாகின. அவனுடையது அதற்கு முந்திய உருக்குப் பெட்டி. அதற்குள் முதலாவது வகைப் பிளாஸ்ரிக் தொட்டி ஒன்று இருந்தது. அது ஓரங்களில் வெடித்துவிட்டது. விசிறும் பூச்சுக்குக் கடையில் 700 டொலருக்கு மேல் கேட்டார்கள். வேலை குறைந்திருந்த காலம். நாமே பூசுவோம் என்று தகரமும் உருளையும் வாங்கிவந்தான்.

ஒரு சனிக்கிழமை காலை திருகாணிகளைக் கழற்றி, இருவருமாகப் பிளாஸ்ரிக் தொட்டியைத் தூக்கி வெளியே வைத்தோம். கீழே இரண்டு விரற்கடை அளவுக்கு ஈரமண் கிடந்தது. அதனைக் கழுவியதும் நிலத்தகட்டின் பாதிக்கு மேல் செம்பழுப்பாகத் தெரிந்தது. முன்பக்க மூலையில் திருகாணிச் செலுத்தியால் இலேசாகக் குத்தினான். அது உள்ளே போய்விட்டது.

பிளாஸ்ரிக் தொட்டிக்கு இந்தக் குணம் உண்டு. அது கல்லடியைத் தாங்கும்; ஆனால் தகட்டோடு ஒட்டியிருப்பதில்லை. இடைவெளியால் தண்ணீரும் மண்ணும் புகுந்துவிடும். வாகனம் அதிரும்போதெல்லாம் அந்த மண் அரத்தாள் போல வர்ணத்தைத் தேய்க்கும். வர்ணம் போன இடத்தில் தேங்கிய ஈரம் வேலையைத் தொடங்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

கனடாவில் அந்த ஈரம் வெறும் ஈரமன்று, உப்பீரம். ஒன்ராறியோ மாகாணத்தில் கோட்ரிச் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அங்கே ஹூரன் ஏரியின் அடியில், சுமார் 1,800 அடி ஆழத்தில், உலகின் மிகப் பெரிய நிலக்கீழ் உப்புச் சுரங்கம் இயங்குகிறது. பனிக்காலத்தில் வீதிகளில் கொட்டப்படுவது அத்தகைய பாறை உப்பு. தண்ணீர் உறையும் வெப்பநிலையை அது குறைப்பதால் வீதியில் பனிக்கட்டி பிடிக்காது. மனித உயிர் காப்பாற்றப்படும். ஆனால் உப்புக் கரைந்த நீர் மின்னை நன்றாகக் கடத்துவதால் இரும்பு விரைவாகக் கறளாகிறது. கறளின் கனவளவு இரும்பின் கனவளவைவிடப் பெரிது. எனவே அது பக்கத்திலுள்ள வர்ணத்தையும் கிளப்பித் தள்ளி முன்னேறும். கடுங்குளிரில் இது மெதுவாக நடக்கும். வெப்பமூட்டிய கராஜில் உப்பு படிந்த வாகனத்தை நிறுத்தினால் வேகமாக நடக்கும். வாகனத்துக்கு நன்மை செய்வதாக நினைத்துப் பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனையிறவின் உப்பைச் சோற்றோடு மட்டுமே சேர்த்து நினைத்துப் பழகிய எனக்கு, உப்புக்கு இப்படியும் ஒரு முகம் இருக்கிறது என்பது புதினமாகவே இருந்தது.

மருமகன் நெடுநேரம் பேசாமல் நின்றான். பிறகு சொன்னான்: “மாமா, உந்த ஓட்டைக்கு ஒரு ரேப்பை ஒட்டிப்போட்டு மேலால கறுப்பை அடிச்சால் ஒருத்தருக்கும் தெரியாது. இப்பவே வித்துப் போடுவம். எனக்கும் உப்பிடித்தானே ஒருத்தன் வித்தவன்.”

அவன் ஏமாற்றுக்காரன் அல்லன். அந்த வாகனத்துக்கு மாதாமாதம் கடன் கட்டிக்கொண்டிருந்தவன். அடுத்த மாதத் தவணைக்கு வழி தெரியாத நேரத்தில் ஒருவனுக்கு வரக்கூடிய எண்ணந்தான் அது. அவன் சொன்னதில் உண்மையும் இருந்தது. இந்தப் பூச்சு கறளின் மேலும் ஒட்டும். தடிப்பானது, கறுப்பானது, சொரசொரப்பானது. தகட்டின் பள்ளம், மேடு, வெடிப்பு அனைத்தையும் ஒரே நிறமாக்கிவிடும். வாங்குபவர் தட்டிப் பார்த்தாலும் சத்தம் மந்தமாகவே கேட்கும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துப் பூச்சு பாளம் பாளமாகக் கிளம்பும்போதுதான் அவர் உண்மையை அறிவார். அதற்குள் பூச்சுக்குக் கீழே மாட்டிய ஈரம் மிச்சத் தகட்டையும் தின்று முடித்திருக்கும்.

நான் அவனிடம் நீதி போதிக்க முயலவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். “தம்பி, பத்து வருஷப் பிக்கப்பை ஆர் வாங்குவான்? காசுள்ளவன் வாங்குவானோ?” அவன் பதில் சொல்லவில்லை. நேற்று வந்திறங்கி, இன்று தொழில் தொடங்க நினைக்கும் இன்னொரு பெடியன்தான் வாங்குவான் என்பது அவனுக்கும் தெரியும். ஓராண்டுக்கு முன்னர் அவனே அந்தப் பெடியனாக இருந்தவன்.

எனது தொழிலில் நான் கண்ட ஒன்றையும் அவனுக்குச் சொன்னேன். கொழும்பில் தணிக்கை நடைமுறையில் இருந்த காலங்களில் செய்திகள் வெட்டப்பட்டுத் திரும்பி வரும். வெட்டிய இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டால் வாசகருக்கு இங்கே ஏதோ இருந்தது என்பதாவது விளங்கும். அந்த இடத்தை வேறு எதனாலோ அழகாக நிரப்பிவிட்டால் எதுவும் நடக்கவில்லை என்றாகிவிடும். வெறுமை வாசகரை ஏமாற்றுவதில்லை, நிரப்பல்தான் ஏமாற்றுகிறது. அவன் சிரித்தான். “பத்திரிகைக்காரரோட வேலை செய்யேலாது” என்றான். பிறகு கிரைண்டரை எடுத்துவந்தான்.

அதன் பின்னர் செய்தவற்றை இப்படியான வேலையில் இறங்க எண்ணும் வாசகர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பூசும் வேலை ஒரு பிற்பகல்தான். அதற்கு முந்திய ஆயத்தம் நான்கு நாட்கள்.

முதலில் அழுத்த நீரால் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிக் காயவிட்டோம். கறள் பிடித்த இடங்களைக் கம்பித் தூரிகையாலும் கிரைண்டராலும் வெள்ளி நிறத் தகடு தெரியும்வரை சுரண்டினோம். உக்கிப்போன மூலையை வெட்டியெடுத்து, வெல்டிங் தெரிந்த அவனது நண்பர் ஒருவரைக் கொண்டு புதிய தகடு வைத்து ஒட்டினோம். பெட்டியின் அடியிலிருக்கும் குறுக்குச் சட்டங்களையும் படுத்துக்கிடந்து தட்டிப் பார்த்தான். பாரத்தைத் தாங்குபவை அவைதாம். அவை நல்ல நிலையில் இருந்தன. அவை உக்கியிருந்தால் மேலே என்ன பூசியும் பயனில்லை. சுரண்ட முடியாத இடுக்குகளுக்குக் கறளை மாற்றும் அமிலத் திரவம் பூசி, வெறுந்தகடு தெரிந்த இடங்களுக்கு பிரைமர் அடித்தோம். நல்ல நிலையிலிருந்த வர்ணத்தையும் அப்படியே விடக்கூடாது. அதன் மினுக்கம் போகுமளவுக்கு அரத்தாளால் உரச வேண்டும். மினுக்கத்தின் மேல் இந்தப் பூச்சு பிடிக்காது. கடைசியாகக் கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து, ஓரங்களுக்கு ரேப் ஒட்டினோம். நீர் வடியும் துவாரங்களையும் பெட்டியைச் சட்டகத்தோடு பிணைக்கும் பெரிய திருகாணிகளின் தலைகளையும் மூடிவைத்தோம். பூச்சு அவற்றை அடைத்துவிட்டால் தண்ணீர் தேங்கும். பின்னொரு நாள் பெட்டியைக் கழற்றவும் முடியாது.

பூசும் நாளில் மாத்திரம் நான் பிடிவாதமாக நின்றேன். கராஜின் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே அடித்தால் தூசி விழாது என்பது அவனது எண்ணம். அந்தக் கராஜ் வீட்டோடு ஒட்டியது. அதற்கு மேலேதான் அக்காவின் படுக்கையறை. அவனுக்கோ சிறுவயது முதல் தொய்வு. பொலியூறித்தேனை 1937இல் ஜேர்மனியில் ஓட்டோ பேயரும் அவரது சகாக்களும் உருவாக்கினார்கள். அதன் மூலப்பொருட்களில் ஒன்று ஐசோசயனேற்று எனும் இரசாயனக் குடும்பம். அந்தப் பெயரை நம்மவர்கள் ஒருமுறை கேட்டிருப்பார்கள். 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற வாயு அதே குடும்பத்தைச் சேர்ந்த மெதைல் ஐசோசயனேற்று. பூச்சுத் தகரத்தில் இருப்பது அதுவன்று. அதே அளவு கொடியதுமன்று. ஆயினும் இக்குடும்பத்து இரசாயனங்களைச் சுவாசித்து உடல் ஒருமுறை ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவு பட்டாலும் மூச்சு முட்டும். அது வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். கரைப்பானின் ஆவியோ தீப்பற்றக்கூடியது. கராஜுக்குள் எரியும் சுடுநீர்க் கொதிகலனின் சிறு சுடரே அதற்குப் போதும்.

கொரோனாக் காலத்து மிச்சமாக வீட்டில் ஒரு பெட்டி முகக்கவசம் இருந்தது. அவை தூசிக்கு உதவும், ஆவிக்கு உதவா. சேதன ஆவியை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசத்தையே வாங்க வேண்டும். தொய்வு உள்ளவர் அதனோடும் இந்த வேலையில் இறங்காமலிருப்பதே மேல். ஈற்றில் வாகனத்தைத் திறந்த வெளியில் நிறுத்தினோம். பூசியது வெல்டிங் செய்த நண்பர், சரியான கவசத்தோடு. மருமகன் காற்றுக்கு எதிர்ப்புறத்தில் தூரமாக நின்று, அங்கே விட்டுவிட்டாய், இங்கே தடிப்பாகிவிட்டது என்று கூவிக்கொண்டிருந்தான்.

முதலில் மூலைகளும் மடிப்புகளும் தூரிகையால்; பிறகு முன்புறச் சுவரிலிருந்து தொடங்கிப் பின்கதவை நோக்கி உருளையால். துகள்கள் அடியில் படியாதபடி அடிக்கடி கலக்க வேண்டும். முதற்பூச்சு மெல்லியதாக, சில மணி நேரம் கழித்து இரண்டாவது. ஒரு நாளில் கைவைக்கலாம். பாரம் ஏற்றச் சில நாட்கள் பொறுக்க வேண்டும். கையில் பட்டால் இலேசில் போகாது. நண்பரின் முழங்கையில் அந்தக் கறுப்பு ஒரு கிழமைக்கு மேல் இருந்தது.

பூசுவதற்கு முன்னர் மருமகனிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். வெறுந்தகடாக இருந்தபோதும், மூலையை வெட்டியபோதும், புதிய தகடு ஒட்டியபோதும் படம் பிடித்து வைக்கச் சொன்னேன். ‘எதுக்கு மாமா’ என்று முணுமுணுத்தாலும் பிடித்து வைத்தான்.

1990இல் பொருளாதாரத் தடை வந்த பின்னர், யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தில், எதையும் நாமே திருத்தியது வேறு வழி இல்லாததால். அன்று எங்கள் மெக்கானிக்குகள் எதை எப்படி மாற்றியிருக்கிறார்கள் என்று வாகனக்காரருக்கு ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுவார்கள். நடுவழியில் நின்றால் அவர்தானே திருத்த வேண்டும். தானே செய்வதில் மிஞ்சும் பணத்தைவிட, உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடுவதே எனக்குப் பெரிய இலாபமாகப் படுகிறது. தெரிந்த பின்னர் அதை மறைப்பதா சொல்வதா என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

அந்தப் பூச்சு மூன்று பனிக்காலங்களைத் தாங்கியது. வெயிலில் நிறம் சற்று வெளிறியது. தகட்டை விட்டுக் கிளம்பவில்லை. 2025 கோடையில் மருமகன் வாகனத்தை விற்றான். வாங்க வந்தவர் பெட்டியைப் பார்த்துத் திருப்திப்பட்டுத் தலையசைத்த பிறகு, இவனாகவே தொலைபேசியை எடுத்து அந்தப் படங்களைக் காட்டியிருக்கிறான். அவர் 400 டொலர் குறைத்துக் கேட்டார், இவன் கொடுத்தான்.

இதை என்னிடம் தொலைபேசியில் சொன்னபோது அவனுக்குக் கொஞ்சம் கோபந்தான். “உங்கட படத்தால 400 டொலர் போச்சு மாமா” என்றான். போனது உண்மைதான் என்றேன்.