மூன்று வெடிச் சத்தம்

பெண் பார்க்கப் போகிறவனுக்கு இருக்கவேண்டிய பதற்றமெல்லாம் எனக்கு இருந்தது. பணிவுதான் இல்லை. 1971, ஐப்பசி மாதம். எனக்கு 25 வயது. அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் என் தலைக்கனம் எவ்வளவு ஏறியிருந்தது என்பதை இப்போது நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. புது டெரிலின் சட்டையின் மடிப்பு கலைந்துவிடும் என்று, விழுப்புரத்தில் ஏறியதிலிருந்து முதுகைச் சாய்க்காமலேயே உட்கார்ந்து வந்தேன். எதிரில் அப்பாவும் பெரியப்பாவும். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம், அது தொடங்குவதற்குள் பெண் வீட்டுப் படியை மிதித்தாக வேண்டும் என்று பெரியப்பா மூன்று தடவை சொல்லியாயிற்று.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. விருத்தாசலம் தாண்டி அரைமணி நேரம் இருக்கும். எல்லோரும் கண்ணயர்ந்த சமயம். முன்னால் டமார், டமார், டமார் என்று மூன்று சத்தம். வண்டி கிறீச்சிட்டுக் குலுங்கி நின்றது. மேலே இருந்த தகரப்பெட்டி என் தோளில் விழுந்தது. போயிற்று டெரிலின் சட்டையின் மடிப்பு.

விடியும் வரை பொறுத்தேன். விடிந்த பிறகும் வண்டி நகரவில்லை. என்ன ஏது என்று விசாரிக்க நாலைந்து பேர் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். எஞ்சினுக்குப் பக்கத்தில், கோணியைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். முழங்கால் வரை சேறு. ஒரு முழங்காலில் ரத்தம். கையில் சிவப்புக் கண்ணாடி போட்ட கைவிளக்கு, அணைந்து போயிருந்தது. கேங்மேன். இரவு ரோந்து பார்க்கிறவர்.

“ஏம்ப்பா, நீதானே வண்டியை நிறுத்தினே? யாரைக் கேட்டு நிறுத்தினே? எப்ப விடுவீங்க?” என்றேன். என் அப்பா வயதுக்காரரை நீ, வா, போ என்று பேசுகிறோமே என்ற நினைப்பே எனக்கில்லை.

அவர் கோபப்படவில்லை. “மதகண்டை கரை அறுத்துக்கிட்டுப் போயிருச்சுங்க. ஜல்லியெல்லாம் தண்ணியோட போயிருச்சு. தண்டவாளம் அந்தரத்துல தொங்குதுங்க” என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். “அதுக்கு எத்தனை மணி நேரம்?” என்று மேலும் கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். “நீங்க பேசி முடிச்சிட்டீங்கன்னா நான் போகணுங்க. மேஸ்திரிக்குச் சொல்லி கேங்கை எழுப்பணும்.” குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்காகத்தான் காத்திருந்தார்.

என் பின்னாலேயே அப்பா இறங்கி வந்திருந்தது எனக்குத் தெரியாது. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. கூஜாவில் மிச்சமிருந்த காபியை டம்ளரில் ஊற்றி, “முதல்ல இதைக் குடிங்க, ஆறித்தான் போச்சு” என்று அந்த மனிதரிடம் நீட்டினார். அவர் தயங்கி வாங்கி, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரை மழைநீரில் அலம்பிக் கொடுத்தார். பிறகு தண்டவாளத்தின் ஓரமாக விறுவிறுவென்று நடந்து போனார்.

என்ன நடந்ததென்று கார்டு அப்பாவிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். ராத்திரி முழுக்க ஒற்றை ஆளாக நடந்து பாதையைப் பார்ப்பது அவருடைய வேலை. மதகை நெருங்கியபோது தண்ணீரின் சத்தம் மாறியிருப்பது காதில் பட்டிருக்கிறது. விளக்கைத் தாழ்த்திப் பார்த்தால் கட்டைகளுக்கு அடியில் மண் இல்லை. வண்டி வரும் திசையில் ஓடியிருக்கிறார். மீட்டர் கேஜ் பாதையில் 800 மீட்டர் தள்ளிப் போய், பத்து மீட்டருக்கு ஒன்றாக மூன்று வெடிகளைத் தண்டவாளத்தின் மேல் பொருத்த வேண்டும் என்பது விதி. சக்கரம் ஏறினால் வெடிக்கும், டிரைவர் நிறுத்திவிடுவார். காற்றில் விளக்கு அணைந்துவிட்டது. ஜல்லியில் விழுந்து முழங்காலில் அடிபட்டது. அந்தக் கும்மிருட்டில் தடவித் தடவியே மூன்றையும் பொருத்தியிருக்கிறார்.

பெட்டிக்குள் வந்து உட்கார்ந்த பிறகு அப்பா மெதுவாகக் கேட்டார்: “அரியலூர் ஞாபகம் இருக்கா?” எனக்கு அப்போது பத்து வயது; ஞாபகம் இருந்தது. 1956 நவம்பர் 23, விடியற்காலை. இதே பாதையில், அரியலூருக்கு அப்பால் மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரித்துவிட, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். எங்கள் தெருவே அன்று பேப்பரைச் சுற்றி நின்றது. “அன்னைக்கு ஊரெல்லாம் அழுதது. இன்னைக்கு நீ சட்டை கசங்கிடுச்சுன்னு அழறே” என்றார் அப்பா. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

பெண் வீட்டுக்கு மாலை நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கசங்கிய சட்டை, சேறு படிந்த வேட்டி, ஆறிப்போன பஜ்ஜி. ராகு காலம் வந்ததும் போனதும் யாருக்கும் நினைவில்லை. அந்தப் பெண்ணோடுதான் ஐம்பது ஆண்டுக்கு மேல் குடித்தனம் நடத்துகிறேன். “வண்டி லேட்டானதால வந்த சம்பந்தம்” என்று அவள் இன்றைக்கும் கேலி செய்வாள்.

மறுநாள் பத்திரிகையில் எங்கள் வண்டியைத் தேடினேன். ஒரு வரி இல்லை. விபத்து நடந்தால் முதல் பக்கம். நடக்காமல் தடுத்தால் ‘வண்டி தாமதம்’ என்று ஸ்டேஷன் கரும்பலகையில் ஒரு வரி. அதைப் படித்துவிட்டு நாமும் திட்டிக்கொண்டே போகிறோம்.

எப்போதாவது ஒரு தடவை வெளியே தெரிந்துவிடுவதும் உண்டு. 2024 பிப்ரவரியில் தென்காசி மாவட்டம் புளியரைப் பக்கம் நள்ளிரவில் ஒரு லாரி சாலையிலிருந்து உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. அருகில் குடியிருந்த வயதான கணவனும் மனைவியும் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஓடி, எதிரே வந்த ரயிலை நிறுத்தினார்கள். அவர்களுக்கு அது வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. முதலமைச்சர் ஐந்து லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார். செய்தியைப் படித்த அன்று எனக்குக் கோணி போர்த்திய அந்த மனிதர்தான் கண்ணில் வந்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்கத் தோன்றிய வயதில் அவரைத் தேட வழியும் இல்லை.

இந்த வயதில் எனக்குத் தெரிந்த பாடம் சின்னது. நன்றி சொல்லப் பெரிய வார்த்தை வேண்டியதில்லை. ‘வா, போ’வை விட்டுவிட்டு ‘வாங்க, போங்க’ என்றாலே பாதிக் கடன் தீரும். சாக்கடை அடைப்பு எடுக்க வருகிறவருக்கும், மழையில் மின்கம்பம் ஏறுகிறவருக்கும், ராத்திரி வார்டில் விழித்திருக்கும் ஆயாவுக்கும் அந்த ‘ங்க’வை நான் சேர்க்கக் கற்றுக்கொண்டது, என் அப்பா நீட்டிய ஆறின காபியிலிருந்துதான்.

இப்போது என் வீடு விருத்தாசலத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில். அகலப்பாதை, இரட்டைப் பாதை, மின்சார வண்டி என்று எல்லாம் மாறிவிட்டது. ஆனாலும் காலையில் சுத்தியலும் ஸ்பேனருமாக ஒரு கீமேன் பாதையைப் பார்த்துக்கொண்டே நடந்து போகிறார். என் பேரன் வயதுதான் இருக்கும். “வாங்க தம்பி, ஒரு வாய் காபி சாப்பிட்டுப் போங்க” என்பேன். “இன்னொரு நாளைக்குங்கய்யா, வண்டிக்கு நேரமாச்சு” என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். நானும் நாளைக்கும் கூப்பிடுவேன்.