காற்று விளையும் ஊரில் ஒரு விளக்கு

வடக்குக் கென்யாவின் லைசாமிஸில் தார்ச்சாலையை விட்டு இறங்கினால், துர்கானா ஏரியை நோக்கிப் போகும் 208 கிலோமீட்டர் பாதையும் கருங்கல்லும் முள்மரமும்தான். நடுநடுவே ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு போகும் ரெண்டிலே இடையர்கள். சரிமா கிராமத்தை நெருங்கும்போது காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளத் தொடங்கியது. கதவைத் திறக்க ஓட்டுநர் தோள்கொடுக்க வேண்டியிருந்தது. இறங்கி நிமிர்ந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எரிமலைக் கற்கள் இறைந்து கிடக்கும் சரிவுகளில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளைக் காற்றாலைகள். எல்லாம் ஒரே திசையைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தன.

மொத்தம் 365 காற்றாலைகள், 310 மெகாவாட் திறன். இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் காற்று, எத்தியோப்பிய மேட்டுநிலத்துக்கும் கென்ய மேட்டுநிலத்துக்கும் இடையே உள்ள பள்ளத்தில் நெருக்குண்டு வேகம் பிடிக்கிறது. ஆண்டுச் சராசரியே வினாடிக்கு 11 மீட்டர். இந்தக் காற்றைப் பிடிக்க, ஒவ்வொரு இறக்கையும் கோபுரத் துண்டும் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கி, 1,200 கிலோமீட்டர் லாரியில் வந்திருக்கிறது. நான் வந்த பாதையே அதற்காகச் சீரமைக்கப்பட்டதுதான். 2017இல் காற்றாலைகள் தயாராகிவிட்டன. மின்கம்பித் தடம் முடியாததால், 2018 செப்டம்பர் வரை மின்சாரத்தை வெளியே அனுப்ப வழியில்லை.

இன்று அந்த மின்சாரம் 400 கிலோவோல்ட் கம்பியில் நானூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே ஓடி, நைரோபி பக்கத்துச் சுஸ்வாவில் இறங்குகிறது. நிலத்தடி நீராவி, நீர், காற்று என இயற்கையிலிருந்தே தன் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கை எடுக்கும் நாடு கென்யா. அந்தப் பெருமையில் இந்தக் காற்றுக்கும் பங்குண்டு. ஆனால் உயர் அழுத்தக் கம்பியிலிருந்து வீட்டுக்கு நேராக இணைப்பு கொடுக்க முடியாது. துணை மின்நிலையமும் மின்மாற்றியும் வேண்டும். அவை இல்லாத இடத்தில் கம்பி தலைக்கு மேலே போகும். கீழே குடிசை இருட்டாகவே இருக்கும்.

இருட்டியபின் ஒரு சம்புரு இனக் குடும்பத்தின் வீட்டுக்குப் போனோம். குச்சியும் பாயும் தோலும் கொண்டு கட்டிய, குனிந்து நுழையும் வீடு. வீட்டுக்காரம்மா ஒரு சின்னச் சூரிய விளக்கின் வெளிச்சத்தில் மணி கோத்துக்கொண்டிருந்தார். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று விரல்கள் தடுமாறாமல் எடுத்தன. முன்பு மண்ணெண்ணெய்ப் புகையில் கண்ணெரிச்சலோடு செய்த வேலையாம். பக்கத்தில் இன்னொரு விளக்கு அணைந்து கிடந்தது. அவருடைய பையன் அதை மடியில் வைத்து, சார்ஜ் ஏற்றும் துளைக்குள் அடைந்த மண்ணை ஒரு வேல முள்ளால் பொறுமையாகக் கிண்டிக்கொண்டிருந்தான். "இதற்கு பேட்டரி கிடைத்தால் போதும். மார்சபிட் நகரம் வரை போக வேண்டும், போனாலும் இருக்குமோ இல்லையோ" என்றார் அம்மா.

அதைக் கேட்டதும் எனக்குப் பகலில் பார்த்த கோபுரங்கள்தான் நினைவுக்கு வந்தன. அத்தனை எடையும் நீளமும் கொண்ட இறக்கைகளைப் பாலைவனத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க மனிதனால் முடிந்தது. உள்ளங்கையில் அடங்கும் பேட்டரி மட்டும் அதே பாதையில் வந்து சேரவில்லை. கென்யாவில் எம்-பெசா கைபேசிப் பணத்தால் தினத் தவணை கட்டிச் சூரிய விளக்கு வாங்கும் முறை பல லட்சம் வீடுகளுக்கு வெளிச்சம் தந்திருக்கிறது. அது உண்மையான சாதனை. ஆனால் விற்பதோடு சங்கிலி முடிந்துவிட்டால், இரண்டொரு வருடத்தில் விளக்கு குப்பையாகிறது, வீடு மறுபடி மண்ணெண்ணெய்க்குத் திரும்புகிறது.

நிலம் பற்றிய வழக்கும் இங்கே உண்டு. இந்தத் திட்டத்துக்கான நிலப் பட்டாக்கள் முறையாகத் தரப்படவில்லை என்று 2021இல் மேரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேய்ச்சல் நிலத்தைக் கொடுத்தவர்களுக்கு அதன் பலனில் முதல் உரிமை உண்டு என்பது என் முடிவு.

தூய மின்சாரம் உலகுக்கு வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் இனி எந்தக் காற்றாலைத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டாலும், சுற்றியுள்ள கிராமங்களுக்கு ஒரு மின்மாற்றியும், ஊருக்கு ஒரு பழுதுபார்ப்புக் கடையும், அதற்கு உதிரிபாகமும் அதே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். திட்டத்துக்குப் பணம் போடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.