மான் மேய்ஞ்ச காடு

நான் குடியிருக்கிற பென்சில்வேனியாவுக்கு மாநில மரம் ஹெம்லாக். 1931ல அறிவிச்சாங்க. மாநில விலங்கு வெள்ளைவால் மான், இது 1959ல. ஆனா இந்த மானுக்கு அந்த மரத்தோட கன்னுன்னா ரொம்பப் பிடிக்கும். தின்னுறதுக்கு :-)

சிரிச்சுட்டுப் போயிடலாம்தான். ஆனா எங்க டவுன்ஷிப்ல போன வருஷம் மானை வச்சு ஒரு கூட்டமே போட்டு சண்டை நடந்தது. அதைச் சொல்றதுக்கு முன்னாடி காட்டுத் தரையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். பதிவு நீளமாப் போகும், பொறுத்துக்குங்க மக்களே.

காட்டுத் தரையில என்ன முளைக்கும்ங்கிறதை முதல்ல முடிவு பண்றது மேல நிக்கிற மரம். வெளிச்சம், சருகு இந்த ரெண்டையும் வச்சுத்தான் அது முடிவு பண்ணுது. சுகர் மேப்பிள் இலை சீக்கிரம் மக்கும், மண்ணுக்குச் சுண்ணாம்புச் சத்து கொடுக்கும். ஏப்ரல்ல அந்த மரம் துளிர் விடுறதுக்கு முன்னால சில வாரம் வெயில் நேரா தரைக்கு வரும். அந்த இடைவெளியில ட்ரில்லியம், ட்ரௌட் லில்லி, ஸ்பிரிங் பியூட்டி எல்லாம் அவசர அவசரமாப் பூத்து முடிச்சுடும். ஓக் மரத்தடி வேற மாதிரி. சருகு தடிமன், துவர்ப்பு அதிகம், மக்க நாளாகும். அங்க அமில மண்ணை விரும்புற ப்ளூபெர்ரி மாதிரிப் புதர்கள் வரும். ஹெம்லாக் வருஷம் பூரா பச்சையா இருக்கிறதால வசந்த கால வெயிலுக்கு அங்க இடமே இல்லை. கீழ பாசி, கொஞ்சம் பெரணி, அப்புறம் அதோட கன்னுகள். நிழல்லயே பல வருஷம் பொறுமையாக் காத்திருக்கிற ஜாதி அது.

ஆக, அண்ணாந்து மரத்தைப் பார்த்தாலே காலுக்குக் கீழ என்ன இருக்கும்னு ஓரளவு சொல்லிடலாம். சொல்ல முடியணும். ஆனா இங்க நிறைய காட்டுல மேல எந்த மரம் இருந்தாலும் கீழ ஒரே காட்சிதான்: இடுப்பு உயரத்துக்குப் பெரணி. ஏன்னா ரெண்டாவதா முடிவு பண்றவர் மான்.

ஒரு காலத்துல இங்க மானே அரிதாத்தான் இருந்தது. 19ம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள வேட்டையாடியும் காட்டை வெட்டியும் கிட்டத்தட்டத் தீர்த்துட்டாங்க. ஓநாயும் பூமாவும்கூடப் போயாச்சு. 1895ல வேட்டை ஆணையம் அமைச்சாங்க. அப்புறம் வெளி மாநிலத்துல இருந்து மான் வாங்கி விட்டாங்க, 1907ல பெண்மானைச் சுடக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. வெட்டின காடு திரும்பத் தழைச்சப்போ வாய்க்கு எட்டுற உயரத்துல எங்கே பார்த்தாலும் துளிர். தின்ன ஆள் இருக்கு, அந்த ஆளைத் தின்ன ஆள் இல்லை. சில பத்து வருஷத்துலயே கூட்டம் எக்கச்சக்கமாயிடுச்சு.

மான் எல்லாத்தையும் ஒரே மாதிரி மேயாது. நம்ம பசங்க சாம்பார்ல உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கற மாதிரி ருசி பார்த்துத்தான் தின்னும். ட்ரில்லியம் விதையில இருந்து பூக்கிறதுக்கே ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ ஆகும். ஒரே கடியில மூணு இலையும் பூவும் காலி. அந்த வருஷம் மறுபடி துளிர்க்காது. கிழங்கில இருக்கிற சேமிப்பை வச்சு அடுத்த வருஷம் இன்னும் சின்னதா வரும். இப்படி நாலஞ்சு தடவை ஆச்சுன்னா ஆளையே காணோம். அதோட விதையை எறும்பு தூக்கிட்டுப் போகும், அதுவும் சில அடி தூரம்தான். போனது திரும்பி வர எவ்வளவு நாள் ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

இது வெறும் புலம்பல் இல்லை. வடமேற்கு பென்சில்வேனியாவுல அலெகெனி காட்டுப் பகுதியில 1980 வாக்கில தொடங்கி பத்து வருஷம் ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க. வேலி போட்டு, சதுர மைலுக்கு 10, 20, 38, 64 மான்னு நாலு கணக்கில விட்டுப் பார்த்தாங்க. 20ஐத் தாண்டினதுமே கன்னு வகைகள் குறைஞ்சு, மான் தொடாத பெரணியும் புல்லும் ஏறிடுச்சு. மரங்கள்ல ப்ளாக் செர்ரி மட்டும் தாக்குப் பிடிச்சது. நடு உயரத்துல கூடு கட்டுற பறவைகள்ல, மான் ரொம்பக் குறைஞ்ச இடத்தைவிட ரொம்ப அதிகமான இடத்துல வகை 27 சதவீதமும் எண்ணிக்கை 37 சதவீதமும் கம்மி. புதர் போனா கூடும் போச்சு.

இதுல இன்னொரு கொடுமை. பெரணி ஒரு தடவை படர்ந்துட்டா, மானைக் குறைச்சாலும் அது நகராது. அதோட நிழல்ல கன்னு எழும்பவே முடியாது. அதனால இன்னைக்குக் காட்டுல எத்தனை மான் இருக்குன்னு எண்ணினா மட்டும் போதாது, முப்பது வருஷம் முன்னால எத்தனை இருந்ததுங்கிறதும் தரையில எழுதியிருக்கு.

எங்க வீட்டுப் பக்கத்துப் பூங்காவுல எட்டடி உயர வேலி போட்ட ஒரு துண்டு நிலம் இருக்கு. பாதி மேப்பிள் அடியில, பாதி ஹெம்லாக் அடியில. மேப்பிள் பக்கம் உள்ளேயும் வெளியேயும் ராத்திரி பகல் வித்தியாசம். உள்ளே என் உயரத்துக்குக் கன்னுகள், மே மாசம் வெள்ளை வெள்ளையா ட்ரில்லியம். வெளியே பெரணியும், மானுக்குப் பிடிக்காத பீச் மரக் கன்னும்தான். ஹெம்லாக் பக்கம் பார்த்தா வேலி எதுக்குன்னே தோணும், உள்ளேயும் இருட்டும் பாசியும்தான். ஆனா குனிஞ்சு பார்த்தா விரல் உயரத்துல ஹெம்லாக் பிள்ளைங்க இருக்கு. வெளியே ஒண்ணுகூட இல்லை. மேல நிக்கிறதெல்லாம் நூறு வயசுக் கிழங்கள், கீழ வாரிசு இல்லை. பார்க்கப் பச்சைப் பசேல்னு இருக்கிற அந்தக் காடு பிள்ளை குட்டி இல்லாத வீடு.

இப்போ கூட்டத்துக்கு வருவோம். பூங்காவுல குளிர்காலத்துல வில் அம்பு வேட்டைக்கு அனுமதி கொடுக்கலாமான்னு கேட்டாங்க. எங்க வீட்டுல முட்டைகூட வாங்கறதில்லை. எங்க பின்பக்கம் வர்ற மானுக்கு என் பொண்ணு பேரே வச்சிருக்கா. பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பார்த்து, "நீங்க சைவமாச்சே, எங்க பக்கம்தானே?"ன்னாங்க. நான் வேட்டைக்கு ஆதரவாக் கை தூக்கினேன். சந்தோஷமாத் தூக்கலைங்க. ஓநாயை ஒழிச்சது மனுஷன்தான். அது பார்த்த வேலையை யாருமே பார்க்க மாட்டோம்னா, செடியும் பறவையும் விலை கொடுக்குது, கடைசியில தீனி இல்லாத குளிர்காலத்துல மானும் கொடுக்குது. கொல்லாமை பெரிசுதான். ஆனா மான் மட்டும்தான் உயிரா? விழி அழகா இல்லாததால ட்ரில்லியத்துக்கு வக்காலத்து வாங்க ஆள் இல்லாமப் போச்சு. சுட்ட மானோட கறியை உணவு வங்கிகளுக்குக் கொடுக்கிற ஏற்பாடு இந்த மாநிலத்துல 1991ல இருந்தே இருக்கு. அது கொஞ்சம் ஆறுதல்.

பொண்ணு ரெண்டு நாள் என்கிட்ட பேசலை. மூணாம் நாள் வேலிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரொம்ப நேரம் பார்த்தா. "அப்போ வேலி இன்னும் பெரிசாப் போடுங்கப்பா"ன்னா. எட்டு வயசுக்கு அது நியாயமான பதில். காடு முழுக்க வேலி போட முடியாதுங்கிறதுதான் என்னோட பதில். இன்னும் ஒத்துக்கலை அவ.

நீங்க அடுத்த தடவை காட்டுப் பக்கம் போனா முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு பாருங்க. ஒண்ணுமே இல்லைன்னா சந்தேகப்படுங்க. கடிபட்ட குச்சியையும் பாருங்க. சாய்வா, கத்தியில வெட்டின மாதிரி இருந்தா முயல். பிய்ச்ச மாதிரி நார் நாராத் தொங்கினா மான், அதுக்கு மேல் முன்பல் கிடையாது.

உங்க ஊர்ல எப்படி? கை தூக்கியிருப்பீங்களா, மாட்டீங்களா? திட்டறதா இருந்தாலும் பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.