சம்மனில் எழுத்துப் பிழை: கட்டுவதா, கேட்பதா?



சம்மனில் பெயர் தவறாக இருந்தால் அது செல்லாது என்ற நம்பிக்கை நம்மவரிடையே வேரூன்றி இருக்கிறது. இதை நம்பிச் சம்மனைக் கிழித்துப் போட்டவர்களை நான் அறிவேன். பிழை இருந்தும், அலைய நேரமில்லை என்று பணத்தைக் கட்டிவிட்டு வருபவர்களையும் அறிவேன். இவ்விரண்டும் சரியான வழியல்ல என்பதே என் கருத்து.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 153ஆம் பிரிவு, குற்றச்சாட்டில் நேரம், இடம் முதலிய விவரங்கள் இருக்க வேண்டும் என்கிறது. 156ஆம் பிரிவோ, அவ்விவரங்களில் ஏற்பட்ட பிழை குற்றஞ்சாட்டப்பட்டவரை உண்மையிலேயே குழப்பியிருந்தால் அன்றி, அதைப் பெரிதாகக் கொள்ள வேண்டியதில்லை என்கிறது. மேலும், தீர்ப்புக்கு முன் எந்நேரத்திலும் குற்றச்சாட்டைத் திருத்த 158ஆம் பிரிவு நீதிமன்றத்திற்கு இடமளிக்கிறது. ஆகவே, சுப்பிரமணியம் என்ற பெயரில் உரோமன் எழுத்து ஒன்று கூடியோ குறைந்தோ இருப்பதால் மட்டும் சம்மன் மறைந்துவிடாது. அடையாள அட்டை எண் நம்முடையதாக இருந்தால் ஆள் நாமே.

ஆனால், எல்லாப் பிழைகளும் ஒரே தன்மையன அல்ல. சென்ற ஆண்டு எனக்கு ஓர் அறிவிப்பு வந்தது. ஜொகூர் பாருவில் ஒரு சாலையில், ஒரு வேலை நாளின் காலை வேளையில், சிவப்பு விளக்கை மீறியதாகக் குற்றச்சாட்டு. பதிவு எண் என் மகிழுந்தினுடையது. வண்டியின் வகையோ மோட்டார் சைக்கிள். நான் பணியாற்றுவது குளுவாங் வட்டாரத்தில். அந்நேரத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன்.

"பாதி விலைக்குக் கட்டிவிடுங்கள், தொல்லை விட்டது" என்றார் உடன் பணிபுரியும் நண்பர். இந்த ஆண்டு, 2026 சனவரி 1 முதல் கழிவுமுறையும் அதற்கேற்பவே அமைந்துள்ளது: 15 நாள்களுக்குள் கட்டினால் 50 விழுக்காடு, 16 முதல் 30 நாள்களுக்குள் 33 விழுக்காடு. செய்த குற்றத்திற்கு இது நல்ல சலுகை. செய்யாத குற்றத்திற்குப் பாதி தண்டமும் அதிகமே. அதோடு, உண்மையில் விளக்கை மீறியவர் தப்பிவிடுகிறார் அல்லவா?

பள்ளி வருகைப் பதிவேட்டின் நகலை எடுக்கத்தான் முதலில் எண்ணினேன். பிறகு யோசித்தபோது, அது மட்டும் போதாது என்று புரிந்தது. நான் வகுப்பில் இருந்தேன் என்பதால் என் வண்டியும் பள்ளியில் இருந்தது என்று ஆகிவிடாது; வேறொருவர் ஓட்டியிருக்கலாம். வண்டியை ஓட்டியவர் யார் என்று கேட்கப்பட்டால் தெரிவிக்கும் கடமையை 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் உரிமையாளருக்கு விதிக்கிறது. எனவே, என் வழக்கின் உயிர்நாடி வண்டியின் வகைதான்.

தேசிய மொழியில் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். அறிவிப்பு எண், நாள், இடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பதிவுச் சான்றின் நகலையும் மகிழுந்தின் படத்தையும் இணைத்து, கேமரா எடுத்த படத்தைக் காட்டுமாறு வேண்டினேன். கோபச் சொல் ஒன்றுகூட எழுதவில்லை. நேரில் சென்று கொடுத்து, நகலில் முத்திரை பெற்றுக்கொண்டேன். சில வாரங்களில் விடை வந்தது. படத்தில் இருந்த 3 என்ற இலக்கம் 8 எனப் பதிவாகியிருந்தது. சம்மன் நீக்கப்பட்டது.

நம் நாட்டு வாகன எண்களில் 'ஐ', 'ஓ' என்னும் உரோமன் எழுத்துகள் பொதுவாக இடம்பெறுவதில்லை. ஒன்று, சுழியம் ஆகிய இலக்கங்களோடு அவை குழம்பிவிடும் என்பதே காரணம். அவ்வளவு முன்யோசனை இருந்தும் மனிதக் கண் 3ஐ 8 என்று படித்துவிடுகிறது. தட்டச்சு செய்தவர் மீது எனக்குச் சினம் இல்லை. ஆனால், பிழையைச் சுட்டிக்காட்டும் பொறுப்பு பாதிக்கப்பட்டவருக்கே உரியது.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் அழுததோடு நிற்கவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பிலோ முத்து. அந்த ஒரு வேறுபாடே வழக்கைத் தீர்த்தது. வழக்காட வேண்டிய முறையை அன்றே நமக்குக் காட்டியவர் இளங்கோவடிகள்.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். சம்மன் வந்தால் அதை வரிவரியாகப் படியுங்கள். நாள், நேரம், இடம், எண், வண்டி வகை ஐந்தையும் சரிபாருங்கள். குற்றம் உங்களுடையது என்றால் காலத்தோடு கட்டிவிடுங்கள். பெயர்ப் பிழையைச் சாக்காக்காதீர்கள். உங்களுடையது அல்ல என்றால் உடனே எழுதுங்கள். ஒதுக்கி வைத்தால் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாமல் போகலாம். வழக்கு நீதிமன்றத்திற்கும் செல்லலாம்.

கடிதம் எழுதும்போது உங்கள் பிள்ளையையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அலுவல் கடிதத்தை நாங்கள் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகக் கற்பிக்கிறோம். அது எதற்குப் பயன்படும் என்பதைப் பிள்ளை வீட்டில் கண்ணால் காணட்டும்.