பவர் எழுதும் முன் ஷரத்துகளைப் படியுங்கள்

சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியே தலை நரைத்தவன் நான். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கிளம்புகிற பிள்ளைகள் கடைசி வாரத்தில் ஓடிவந்து, "ஐயா, சித்தப்பா பேருக்கு ஒரு பவர் போட்டுடுங்க" என்பார்கள். எதற்குப் பவர் என்று கேட்டால், "எல்லாத்துக்கும்தான்" என்பார்கள்.

வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது, தம்பி. பொது அதிகாரப் பத்திரத்துக்கு ஒரு பழைய மாதிரி உண்டு. பேரையும் சொத்து விவரத்தையும் மட்டும் மாற்றிப்போட்டு நீட்டிவிடுவார்கள். வாடகை வசூலிக்க, வரி கட்ட, வழக்கு நடத்த என்று ஓடும் வரிகளுக்கு நடுவே விற்க, அடமானம் வைக்க, முன்பணம் பெற என்பனவும் சாதுவாக உட்கார்ந்திருக்கும். வாடகைக்கு விடத்தான் கொடுத்தேன் என்று நீங்கள் நாளைக்குச் சொன்னால் எடுபடாது. கொடுத்த அதிகாரத்துக்குள் அவர் போட்ட கையெழுத்து, நீங்கள் போட்டதாகவே ஆகும். வீடு கிரயமாகிவிடும், கணக்குக் கேட்டு சித்தப்பா மேல் கேஸ் போடுவதுதான் மிச்சம்.

ஒரு மனையை மட்டும் விற்க வேண்டுமானால் அதற்கு மட்டும் பவர் கொடுங்கள். சர்வே எண், குறைந்தபட்ச விலை, பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரவேண்டும் என்ற ஷரத்து, காலக்கெடு எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். சித்தப்பா முகம் சுளிப்பாரே என்றால், சுளிக்கட்டும். நாளை கூடப்பிறந்தவர்கள் அவரைக் கேள்வி கேட்டால், அந்த ஷரத்துகள்தான் அவருக்குச் சாட்சி.

தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வீடு, நிலம் குறித்த பவரைப் பதிந்தே ஆகவேண்டும். வெளிநாட்டில் இருந்தால் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பலாம். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும்.

அப்பாக்கள் வேறொரு எண்ணத்தில் வருவார்கள்: "நான் நினைவு தப்பிக் கிடந்தா பையன் பாத்துக்கட்டும்." நம் நாட்டில் அதற்குப் பவர் உதவாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக்கொடுத்தவர் இறந்தாலும் சித்தம் கலங்கினாலும் சாதாரணப் பவர் முடிந்துபோகும். காலத்துக்குப் பிறகு என்றால் உயில் எழுத வேண்டும். கோமாவில் படுத்துவிட்டால், பிள்ளைகள் உயர் நீதிமன்றம் ஏறிக் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டியிருக்கும். பவரை வைத்துக் கிரயம் முடிக்க வருபவரிடம் பதிவு அலுவலகம் எழுதிக்கொடுத்தவரின் ஆயுள் சான்று கேட்பதும், அவர் இறந்தால் பவர் முடிந்துபோகும் என்பதால்தான்.

மனை வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். "பவர் வாங்கிக்கிட்டா போதும், ஸ்டாம்ப் செலவு மிச்சம்" என்று புரோக்கர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பவரால் மட்டும் சொத்து கைமாறாது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

கொடுத்த பவரைத் திரும்பப் பெறுவதில்தான் எல்லாருக்கும் அசட்டை. போனில் "இனி வேண்டாம்" என்றால் போதாது. ரத்துப் பத்திரம் பதிந்து, ஏஜென்டுக்குப் பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் தெரிவியுங்கள். பத்திரிகையிலும் விளம்பரம் கொடுங்கள். விஷயம் தெரியாமல் ஏஜென்டிடம் ஒருவர் வாங்கினால், பழைய பவர் அவரளவில் செல்லும்.

யார் யாருக்குப் பவர் கொடுத்திருக்கிறீர்கள் என்று இன்றே எடுத்துப் பாருங்கள். வேலை முடிந்தும் கிடப்பதை, அடுத்த லீவுக்கு ஊருக்கு வரும்போது ரத்து செய்துவிடுங்கள்.