டீச்சர், ஒரு சந்தேகம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

1996-ல் என்னிடம் நாலாம் வகுப்பு படித்த பிள்ளைகள் போன ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் ஒன்று கூடினார்கள். பிள்ளைகள் என்கிறேன், பலருக்குத் தலை நரைத்துவிட்டது. "டீச்சர், பழைய போட்டோ எல்லாம் காட்டி நீங்க பேசணும்" என்று ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். என்னிடம் இருந்த 42 போட்டோக்களை மகன் ஸ்கேன் செய்து லேப்டாப்பில் வரிசையாகப் போட்டுக் கொடுத்தான்.

பள்ளியில் புரொஜெக்டர் கூரையில் தொங்குகிறது. அதன் வயரை எலி கடித்துவிட்டதாம். "வயர் இல்லாமலே இணைக்கலாம்மா" என்று மகன் போனிலேயே சொல்லிக் கொடுத்தான். வீட்டு டி.வி.யில் நாலு தடவை செய்து பார்த்தேன். நாலு தடவையும் படம் வந்தது. துணைக்கருவியை வகுப்புக்குப் போகுமுன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சியில் படித்தவள் அல்லவா! ஆனால் பாடம் நடத்தப் போகும் இடத்தில் சோதிக்கவில்லை.

அங்கே போய் விண்டோஸ் பட்டனையும் கே பட்டனையும் சேர்த்து அழுத்தினேன். தேடுகிறது, தேடுகிறது, ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். ஒருவன் "நெட் இல்ல போல டீச்சர்" என்று தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தான். பலனில்லை. இருபது நிமிடம் போய்விட்டது. அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "நாங்க பார்க்கட்டுமா டீச்சர்?" என்றார்கள். "இருங்கப்பா, எனக்குத் தெரியும்" என்றேன். தெரியாது. வேர்த்துக் கொட்டியது. "புரியலேன்னா கேளுங்க, கேட்கிறதுல வெட்கம் என்ன" என்று முப்பத்தைந்து வருடம் வகுப்பில் சொன்னவள் நான்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். மைக் செட் வைத்திருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "டீச்சர், ஒரு சந்தேகம். கேட்கலாமா?" என்றான்.

"கேளுய்யா."

"புரொஜெக்டர் எந்த சோர்ஸ்ல இருக்கு?"

அதை நான் பார்க்கவே இல்லை. அது வயருக்கான ஹெச்.டி.எம்.ஐ.யில் இருந்தது. ரிமோட்டை என் கையில் கொடுத்து, "நீங்களே மாத்துங்க டீச்சர்" என்றான். ஸ்கிரீன் மிரரிங் என்று இருந்ததற்கு மாற்றினேன். உடனே லேப்டாப்பில் புரொஜெக்டர் பெயர் வந்தது. சுவரில் தெரிந்த பின் நம்பரை அடித்ததும் இணைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவன் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டான்.

என்னைப் போன்றவர்களுக்காக எழுதி வைக்கிறேன்:

1. இந்த முறைக்கு மிராகாஸ்ட் என்று பெயர். லேப்டாப்பும் புரொஜெக்டரும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். இன்டர்நெட் தேவையில்லை. ஆனால் லேப்டாப்பில் வைஃபை ஆன் ஆகி இருக்க வேண்டும். இரண்டு கருவியிலும் இந்த வசதியும் இருக்க வேண்டும்.
2. முதலில் புரொஜெக்டரை ஸ்கிரீன் மிரரிங்குக்கு மாற்றுங்கள். பிறகுதான் விண்டோஸ் + கே.
3. சுவரில் வெறும் திரை மட்டும் தெரிந்து, படம் லேப்டாப்பிலேயே நின்றால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் + பி அழுத்தி டூப்ளிகேட் என்பதைத் தொடுங்கள்.
4. எதற்கும் ஒரு வயர் பையில் இருக்கட்டும்.

பதினோராவது போட்டோ, வகுப்பறைப் படம். மூன்றாவது பெஞ்சில் அவன் இருந்தான். அதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது.

கடன் வாங்கிக் கழித்தல் நடத்திய நாள் அது. 52-லிருந்து 27. "இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று வழக்கம்போலச் சொன்னேன். அவன் எழுந்து, "டீச்சர், ஒரு சந்தேகம். வாங்கின கடனை எப்ப திருப்பிக் கொடுக்கிறது?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. "அதிகப்பிரசங்கி, உட்காரு" என்றேன். அந்த வருடம் முழுவதும் அவன் மறுபடி என்னிடம் எதுவும் கேட்டதாக நினைவில்லை. அமைதியான பையன் என்று நானே தலைமை ஆசிரியரிடம் பாராட்டியும் இருக்கிறேன்!

சாப்பாட்டுக்குப் பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அதெல்லாம் மறந்துட்டேன் டீச்சர்" என்றான். மறக்கவில்லை என்பது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதிலேயே தெரிந்தது.

"தப்பு என்னோடதுய்யா. நீ கேட்டதுதான் சரியான கேள்வி" என்று சொல்லி, அன்றைக்குச் சொல்லாத பதிலைச் சொன்னேன். "உங்கிட்ட அஞ்சு பத்து ரூபாய் நோட்டும் ரெண்டு ஒத்த ரூபாயும் இருக்கு. 27 ரூபாய் கொடுக்கணும். ஏழு ரூபாய்க்குச் சில்லறை பத்தாது. ஒரு பத்து ரூபாயைச் சில்லறை மாத்துற. இப்ப நாலு நோட்டு, 12 ரூபாய் சில்லறை. மொத்தம் அதே 52. யார்கிட்டயும் நீ வாங்கல. அது கடனே இல்லை. நாங்க வச்ச பேருதான் தப்பு."

கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப திருப்பிக் கொடுக்க வேண்டாம்" என்று சிரித்தான். அவன் கொடுக்க வேண்டியதில்லை. நான்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

பிள்ளைகளே, உங்களில் வேறு யாரையாவது இப்படி உட்கார வைத்திருந்தால், அந்தக் கேள்வியைக் கீழே எழுதுங்கள். தெரிந்தால் பதில் சொல்கிறேன். தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்